மன்றோவின் குதிரைக்கு அங்கவடி ஏன் இல்லை?

நீங்கள் கேட்டவை மூன்று கேள்விகள். சென்னைத் தீவுத்திடலை ஒட்டி நிற்கும் மன்றோ சிலையில் குதிரைக்கு அங்கவடி, அதாவது சவாரி செய்பவர் பாதம் வைக்கும் வளையம், இல்லை. சிற்பி மறந்துபோய், பிறகு தப்பு தெரிந்ததும் அவமானத்தில் உயிரை விட்டார் என்கிறார்களே, நிஜமா? குதிரையின் நாலு காலும் தரையில் ஊன்றியிருந்தால் மேலே உட்கார்ந்திருப்பவர் போர்க்களத்தில் சாகவில்லை என்று பொருளாமே, சரியா? அப்புறம், ஒரு வெள்ளைக்காரத் தளபதிக்கு இன்னும் எதற்கு நட்டநடுச் சாலையில் சிலை? எனக்கென்னவோ இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு படைத்தலைவனின் சிலையில் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்பதுதான் அது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. பழைய உலோகச் சிலைகளைச் சுத்தம் செய்து பராமரிக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். சாரம் கட்டி ஏறி, களிம்பை எடுத்து, பறவை எச்சத்தைக் கழுவி, மெழுகு பூசி இறங்குகிற வேலை. வெண்கலம் பற்றியும் வார்ப்பு பற்றியும் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன். போர் வரலாறு படித்துத் தெரிந்துகொண்டதுதான். மன்றோ சிலையில் நான் வேலை செய்ததில்லை. உங்களைப் போல சாலையோரம் நின்று அண்ணாந்து பார்த்தவன்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆள் யார் என்பதிலேயே குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்த்துவிடுவோம். நம் ஊர்ப் பக்கம் மன்றோ என்ற பெயரில் மூன்று பேர் வந்து போனார்கள். பக்சாரில் ஜெயித்து, 1780-ல் ஹைதர் அலிக்கு அஞ்சிக் காஞ்சிபுரத்தில் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியவர் ஹெக்டர் மன்றோ. கொல்லம் பக்கத்து மன்றோ தீவுக்குப் பெயர் தந்தவர் திருவிதாங்கூர் அரசவையில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த ஜான் மன்றோ. குதிரை மேல் இருப்பவர் இந்த இருவரும் இல்லை, தாமஸ் மன்றோ. 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்து, 1780-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பயிற்சி அதிகாரியாகச் சென்னையில் வந்து இறங்கியவர். ஹைதரோடும் திப்புவோடும் நடந்த சண்டைகளில் இருந்தார். 1792 முதல் 1799 வரை, இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலில் கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலவரி வேலை பார்த்தார். பிறகு கன்னடக் கரை. அதன் பின் 1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரி, அனந்தபூர் பகுதிகள். 1817-18 மராட்டியப் போரில் மறுபடியும் படை நடத்தினார். 1820-ல் சென்னை மாகாண கவர்னர். 1827 ஜூலை 6 அன்று கர்னூல் பக்கத்துப் பத்திகொண்டாவில், சுற்றுப்பயணத்தின் நடுவே, காலராவில் இறந்தார். மேஜர் ஜெனரல் பட்டம் கடைசி வரை இருந்தாலும், அவர் பேர் எடுத்தது வாளால் அல்ல, வரிக் கணக்கால். இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இப்போது அங்கவடி. சிலையைச் செய்தவர் சர் பிரான்சிஸ் சான்ட்ரி, அன்றைய இங்கிலாந்தில் கிராக்கி மிகுந்த சிற்பி. சிலை சென்னையில் நிறுவப்பட்டது 1839-ல். சான்ட்ரி இறந்தது 1841 நவம்பரில், லண்டனில் தன் சொந்த வீட்டில், திடீரென்று வந்த இதயக் கோளாறால். பெரும் சொத்தை ராயல் அகாடமிக்கு எழுதி வைத்துவிட்டுப் போன பணக்காரர். அவமானத்தில் தூக்கு மாட்டிக்கொண்டார் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. இது உறுதி.

மறதிக் கதையை உடைக்க இதைவிட நல்ல சாட்சி சான்ட்ரியின் மற்ற வேலைகள். அவர் வாழ்நாளில் செய்த குதிரைவீரர் சிலைகள் மூன்றே மூன்று. ஒன்று நம் மன்றோ. இன்னொன்று நாலாம் ஜார்ஜ், 1843 முதல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்பது. மூன்றாவது வெலிங்டன் பிரபு, லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னால் நிற்பது. மூன்றிலுமே அங்கவடி இல்லை. சான்ட்ரி இறந்தபோது வெலிங்டன் வேலை பாதியில் இருந்தது. உதவியாளர் ஹென்றி வீக்ஸ் முடித்து, 1844-ல் திறந்தார்கள். அதாவது, அங்கவடியை மறந்ததற்காக மனம் உடைந்து செத்ததாகச் சொல்லப்படும் மனிதர், சாகும் சமயத்தில் அங்கவடியில்லாத இன்னொரு குதிரையைச் செய்துகொண்டிருந்தார்! ஒருவர் ஒரு தடவை மறக்கலாம். மூன்று தடவையும் மறந்தார் என்றால் அதற்குப் பெயர் மறதி இல்லை.

இந்தக் கதைக்குக் கால் முளைத்து ஊர் ஊராக நடக்கும் வழக்கம் உண்டு. இங்கிலாந்தில் வின்சர் பூங்காவில் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு குதிரைச் சிலை இருக்கிறது, 1831-ல் வைத்தது. அதிலும் அங்கவடி கிடையாது. செய்தவர் ரிச்சர்ட் வெஸ்ட்மகாட். அங்கேயும் இதே கதைதான்: சிற்பி மறந்தார், தெரிந்ததும் உயிரை விட்டார். வெஸ்ட்மகாட் அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் இருந்து, 1856-ல்தான் போய்ச் சேர்ந்தார். சிற்பி சாவது கதைக்குத் தேவையாக இருக்கிறது, அவ்வளவுதான். கோபுரம் கட்டிய சிற்பியின் கையை ராஜா வெட்டினார் என்று நம்மிடமும் கதைகள் இல்லையா? அந்த ஜாதிதான் இதுவும்.

"சரி, முதலில் இருந்திருக்கும், யாரோ கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள்" என்று ஒருவர் கேட்கலாம். வெண்கலத்தில் இது நடக்காத விஷயம் இல்லை. கடிவாள வார், அங்கவடி, வாளின் கைப்பிடி மாதிரியான சன்னமான உறுப்புகளைப் பெரும்பாலும் தனியாக வார்த்து, திருகாணியாலோ முளையாலோ பிறகு பொருத்துவார்கள். நூறு வருடத்தில் முதலில் காணாமல் போவதும் அவைதான். நானே பல சிலைகளில் வெறும் துளையை மட்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் மன்றோ விஷயத்தில் இது ஒத்துவராது. அவர் காலைப் பாருங்கள். அங்கவடியில் பாதம் பதித்தவனுக்கு முழங்கால் மடங்கும், குதிகால் தாழும், கால் நுனி மேலே தூக்கும். அங்கவடியில்லாமல் உட்கார்ந்தவனுக்குக் கால் நீண்டு தொங்கும், நுனி தரையைப் பார்க்கும். மன்றோவின் கால் தொங்குகிற கால். பொருள் திருடு போகலாம், உட்கார்ந்த தோரணை திருடு போகாது. சிற்பி களிமண்ணில் முதல் உருவம் பிடித்தபோதே அங்கவடி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

ஏன் வேண்டாம் என்றார்? சான்ட்ரியின் மனதைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் அந்தக் காலத்து ரசனை நமக்குத் தெரியும். ஐரோப்பியச் சிற்பிகளுக்குக் குதிரைச் சிலை என்றால் ரோமாபுரியில் நிற்கும் மார்க்கஸ் அரேலியஸ்தான் மூலப்பிரதி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு வெண்கலம். அதில் அங்கவடி இல்லை, காரணம் ரோமர்களுக்கு அங்கவடியே தெரியாது. அது ஐரோப்பாவுக்குப் போனது சில நூற்றாண்டுகள் கழித்து, கிழக்கிலிருந்து. சான்ட்ரி காலத்தில் ஒரு தலைவனுக்கு ரோமானியச் சாயல் கொடுப்பது உயர்ந்த மரியாதை. நாலாம் ஜார்ஜை ரோமானிய உடையிலேயே உட்கார வைத்தார். அங்கவடியை எடுத்துவிட்டால் இன்னொரு லாபமும் இருக்கிறது: தோல் வார், வளையம், கொக்கி என்று கண்ணை இழுக்கும் சில்லறைச் சாமான்கள் ஒழிந்து, மனிதனும் குதிரையும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். என் கண்ணுக்கு மன்றோ சிலையின் அழகே அந்த அடக்கம்தான். ரோமானிய மரபு என்ற விளக்கத்தை நான் பெரும்பாலும் நம்புகிறேன். ஆனால் அதைச் சிற்பியின் வாக்குமூலம் போல எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அனுமானம்.

அடுத்தது குதிரைக் கால். நாலு காலும் தரையில் இருந்தால் இயற்கை மரணம், ஒரு கால் தூக்கியிருந்தால் காயம்பட்டு இறந்தவர், முன்னங்கால் இரண்டும் தூக்கியிருந்தால் களத்தில் வீழ்ந்தவர். வாட்ஸாப்பில் வருடத்துக்கு நாலு தடவை எனக்கு இது வந்துவிடும். மன்றோ குதிரைக்கு நாலு காலும் தரையில், அவரும் காலராவில்தான் போனார், எனவே பொருந்துகிறதே என்பீர்கள். தற்செயலாகப் பொருந்துகிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மகா பீட்டரின் குதிரை இரண்டு முன்னங்காலையும் தூக்கிப் பாய்கிறது; பீட்டர் நோயில் படுத்து 1725-ல் இறந்தவர். வாஷிங்டனில் ஆண்ட்ரூ ஜாக்சனின் குதிரையும் பின்னங்காலில் எழும்பி நிற்கிறது. ஜாக்சன் 1845-ல் தன் வீட்டில் இறந்தார். அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் போர்க்களச் சிலைகளில் இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துப்போகிறது, வதந்தி அங்கிருந்து ஊக்கம் பெற்றிருக்கலாம். ஆனால் அங்கேயும் 1998-ல் வைத்த தளபதி லாங்ஸ்ட்ரீட் சிலை கணக்கை மீறுகிறது: அந்தப் போரில் அவருக்குக் காயமே இல்லை, குதிரை காலைத் தூக்கியிருக்கிறது. எந்தக் காலத்திலும் சிற்பிகள் கூடி இப்படி ஒரு விதி வகுத்ததாகச் சான்று இல்லை.

குதிரை எத்தனை காலில் நிற்கிறது என்பதை முடிவு செய்வது சாவு அல்ல, பாரம். நம் கோயில் உற்சவர் திருமேனிகள் கன வார்ப்பு. உள்ளே முழுக்க உலோகம். இவ்வளவு பெரிய குதிரைச் சிலையை அப்படி வார்த்தால் யாராலும் தூக்க முடியாது. அதனால் உள்ளே வெற்றிடம் விட்டுப் பொள்ளலாக வார்ப்பார்கள், உலோகச் சுவர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பானை வயிற்றையும் மேலே உள்ள மனிதனையும் தாங்குவது நாலு ஒல்லிக் கால்கள். அதில் இரண்டை எடுத்துவிட்டால் மீதி இரண்டு முறியாமல் இருக்க வித்தை வேண்டும். மாட்ரிடில் 1640-ல் நாலாம் பிலிப்புக்குப் பாயும் குதிரை செய்த பியத்ரோ டாக்கா, குதிரையின் வாலைக் கீழே கொண்டுவந்து மூன்றாவது காலாக்கினார். கலிலியோவிடம் யோசனை கேட்டார் என்று சொல்வார்கள். பீட்டரின் குதிரைக்கு, காலடியில் நசுங்கும் பாம்பு வாலைத் தொட்டுத் தாங்குகிறது. பார்ப்பவர்கள் பாம்புக்குத் துரோகம், பகை என்று அர்த்தம் சொல்வார்கள்; சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் பாம்பு இல்லாவிட்டால் குதிரைக்கு ஒரு பிடிமானம் குறையும்.

இதை நாம் வெளிநாட்டில் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை. ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத்துக்குப் போங்கள். தூண்தூணாகக் கல் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கிப் பாய்கின்றன. ஒவ்வொரு குதிரையின் குளம்புக்குக் கீழேயும் ஒரு வீரனோ விலங்கோ, யாராவது ஒருவர் நெருக்கிக்கொண்டு நிற்பார். பார்க்க அது போர்க்காட்சி. கல்தச்சனுக்கு அது முட்டு. அந்தக் குதிரைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் களத்தில் செத்தவர்கள் என்று எந்தச் சிற்பியும் சொல்லவில்லை.

படைவீரன் எப்படி இறந்தான் என்பதை நிஜமாகவே எழுதி வைக்கும் நினைவுச்சின்னம் ஒன்று உண்டு, அது நம்முடையதுதான்: நடுகல். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை அதன் படிகளைத் தொல்காப்பியமே அடுக்குகிறது. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவன் என்றால் பக்கத்தில் மாடு இருக்கும், உடம்பில் அம்பு தைத்திருக்கும். மேலே எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், இன்னாருடைய சேவகன் என்று எழுத்து. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, மகேந்திரவர்மன் காலத்தது. வீரனுக்கு அருகில் ஒரு நாய். அதற்குக் கோவிவன் என்று பெயர், அது கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாய்க்குப் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள்! இங்கே ஊகத்துக்கு இடமே கிடையாது. மன்றோ ஏழு வருடம் வரி கணக்கெடுத்துச் சுற்றிய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் இந்த நடுகற்கள் மண்டிக்கிடக்கும் பூமி. அவர் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே எத்தனையோ கல் நின்றிருக்கும்.

நடுகல்லை நட்டது ஊர். விழுந்தவன் அந்த ஊருக்காக விழுந்தவன். மன்றோ, கார்ன்வாலிஸ், நீல் போன்றவர்களின் சிலைகளை வைத்தது ஊர் இல்லை. எந்தச் சிலையின் முன் நின்றாலும் நான் முதலில் பார்ப்பது குளம்பை அல்ல. யார் காசு, எந்த இடம், பீடத்தில் என்ன, இவைதான். மன்றோ சிலைக்கு அவர் இறந்ததும் சென்னையில் சந்தா வசூலித்தார்கள். வைத்த இடம் கோட்டைக்கும் மவுண்ட் ரோடுக்கும் நடுவில், ராணுவத்தின் கையிலிருந்த வெளியில். கோட்டையிலிருந்து புறப்படும் எந்த அதிகாரியும் அவரைத் தாண்டித்தான் ஊருக்குள் போயாக வேண்டும். அது துறைமுகம் இல்லாத காலம் என்பதையும் மறக்க வேண்டாம். கப்பல் ஆழ்கடலில் நிற்கும், சரக்கு முழுக்க அலைகளைக் கடந்து மசூலாப் படகில்தான் கரைக்கு வரும். அத்தனை டன் வெண்கலத்தை அப்படி இறக்கி, இழுத்துவந்து நிறுத்தியவர்கள் நம் ஆட்கள். பீடத்தில் அவர்கள் பெயரைத் தேட வேண்டாம்.

பீடம் எவ்வளவு பேசும் என்பதற்கு மன்றோவைவிட, திப்புவோடு போரிட்ட கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் நல்ல உதாரணம். தாமஸ் பேங்க்ஸ் செய்த பளிங்குச் சிலை, 1800-ல் சென்னையில் வைத்தார்கள், இப்போது கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேனாம்பேட்டையின் செனடாஃப் ரோடு அந்தப் பெயரைப் பெற்றதும் கார்ன்வாலிஸ் நினைவிடத்தால்தான். சிலையைப் பார்த்தால் ஒரு பிரபு நிற்கிறார், அவ்வளவே. கண்ணைக் கீழே இறக்குங்கள். பீடத்துப் புடைப்புச் சிற்பத்தில் திப்புவின் இரண்டு பிள்ளைகள், சிறுவர்கள், பிணைக்கைதிகளாகக் கார்ன்வாலிஸிடம் ஒப்படைக்கப்படுகிறார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. பாதி ராஜ்ஜியமும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயும் போதாதென்று பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டார்கள். அதைக் கருணை மிகுந்த காட்சியாகச் செதுக்கி வைத்தார்கள். குழந்தைகளைக் கையைப் பிடித்து வரவேற்கும் தகப்பன் மாதிரி. என்னைக் கேட்டால் சென்னையில் இருக்கும் சிலைகளிலேயே மனதைப் பிசையும் ஓர் அடி உயரம் அதுதான். பாராமகால் கம்பெனி கைக்கு வந்ததும் அதே உடன்படிக்கையில்தான். அங்கே வரி போட மன்றோ போனதும் அதனால்தான். இரண்டு சிலைகளும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள்.

மன்றோவின் குதிரைக்குத் திரும்பி வருகிறேன். அவர் போர்த்தளபதி என்பதால் குதிரை என்று நினைக்கிறோம். ஆனால் அவர் வாழ்நாளில் குதிரை மீது செலவிட்ட நேரத்தில் பெரும்பகுதி ஜமாபந்தி செய்யப் போனது. ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, குடியானவர்களைக் கூப்பிட்டு, நிலத்தை அளந்து, நேரடியாக அவரவர் பேரில் வரி நிர்ணயிப்பது: ரயத்துவாரி முறை. பட்டா, ஜமாபந்தி என்று நாம் இன்றும் தாலுகா ஆபீஸில் புழங்கும் சொற்கள் அந்த ஏற்பாட்டின் தினசரிச் சொற்கள். சான்ட்ரி அவரை அசையாத குதிரையில், பாய்ச்சலில்லாமல், வாளை ஓங்காமல் உட்கார வைத்தது என் பார்வையில் ஆளுக்குப் பொருத்தமான தேர்வு. அது போர்க்குதிரையா, ஜமாபந்திக் குதிரையா என்று கேட்டால், இரண்டும் ஒன்றுதான் என்பேன். வரி போட முதலில் பாளையக்காரர்களை அடக்க வேண்டியிருந்தது. கடப்பை, பெல்லாரிச் சீமையில் சுமார் எண்பது பாளையக்காரர்களை அவர் ஒடுக்கிய விதம், லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கே உறுத்தலாக இருந்தது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஏன் இன்னும் நிற்கிறது? இதைப் புரிந்துகொள்ள, நிற்காமல் போன ஒரு சிலையைப் பார்க்க வேண்டும். மவுண்ட் ரோட்டில் ஜெனரல் நீலுக்கு ஒரு சிலை இருந்தது. மேத்யூ நோபிள் செய்தது, 1857 கிளர்ச்சி அடங்கிய சில வருடங்களில் பொதுச் சந்தாவில் வைத்தது. நீல் சென்னையிலிருந்த ஐரோப்பியப் படைப்பிரிவைக் கூட்டிக்கொண்டு வடக்கே போனவர். அலகாபாத்தில் குற்றம் செய்தவன், செய்யாதவன் பார்க்காமல் மரத்துக்கு மரம் தூக்கிலிட வைத்தார். கான்பூரில், சாகப்போகிறவர்களைத் தரையில் உறைந்த ரத்தத்தை நக்கவைத்துவிட்டுத் தூக்கில் போட உத்தரவிட்டார். அந்த வருடம் செப்டம்பர் 25 அன்று லக்னோவில் குண்டடிபட்டுச் செத்தார். வங்காளத்தில் கிளர்ச்சி வெள்ளத்துக்கு முதலில் அணை போட்டவர் என்ற பொருளில் அவர் சிலைப் பீடத்தில் பொறித்திருந்தார்கள். களத்தில் செத்த இவருக்குக் குதிரையே தரவில்லை, தரையில் நிற்கிற சிலைதான். குளம்புக் கணக்குக்காரர்கள் இங்கே வாயைத் திறக்க முடியாது.

1927-ல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லி சத்தியாகிரகம் தொடங்கியது. திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்றார். தொண்டர்கள் சுத்தியலும் கோடரியுமாகப் போய்ச் சிலையை அடித்துச் சிறை போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தன் சிறு மகள் அம்மாக்கண்ணுவோடு வந்து சேர்ந்தார். காந்தி பிறகு அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் வைத்துத் தன்னோடு அழைத்துப் போனார். அன்று இளைஞராக இருந்த காமராஜரும் அந்தப் போராட்டத்தில் ஈடுபட்டவர். சிலை உடனே இறங்கவில்லை. 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் அகற்றினார்கள்; பிறகு அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. வெண்கலம் கல்லைப் போலச் சில்லாகத் தெறிக்காது, அடிபட்டால் நசுங்கி வாங்கிக்கொள்ளும். அது தெரியாமல் அவர்கள் கோடரி எடுத்திருக்க மாட்டார்கள். உடைப்பதைவிட அடிப்பதுதான் அங்கே நோக்கம் என்று நினைக்கிறேன்.

அதே ஊர், அதே சாலை. நீல் போனார், மன்றோ இருந்தார். மன்றோ நல்லவர், அதனால் விட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது பாதி உண்மை. குடியானவன் சார்பாகப் பேசினார் என்ற பேர் அவருக்கு உண்டு. இந்தியாவை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்க முடியாது, மக்கள் தாங்களே ஆளத் தகுதி பெறும் நாள் வரும் என்ற கருத்தில் 1824 கடைசியில் அவர் எழுதிய குறிப்பு புகழ் பெற்றது. ராயலசீமையில் அவரைப் பற்றிப் பக்தி கலந்த கதைகளே உலவுகின்றன. மந்திராலயத்தில் ராகவேந்திரர் சமாதியிலிருந்து எழுந்து அவரோடு பேசினார் என்பது ஒன்று. திருமலையில் நைவேத்தியப் பாத்திரம் ஒன்றை மன்றோ கங்காளம் என்று இன்றும் சொல்கிறார்கள். கதை நடந்ததா என்பது என் வேலை இல்லை. ஒரு கலெக்டரைப் பற்றி ஜனங்கள் அப்படிச் சொல்ல நினைத்தார்கள் என்பது நடந்தது. மறுபக்கமும் இருக்கிறது. அவர் 1807-ல் கொடுத்த அறிக்கையிலேயே, மொத்த விளைச்சலில் 45 சதவீதம் வரியாகப் போகிறது, இதில் கால்வாசி குறைத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும் என்கிறார். குறைத்த பிறகும் மூன்றில் ஒரு பங்கு! பஞ்சம் வந்தால் அந்த விவசாயிக்கு என்ன மிஞ்சும்?

நீல் சிலை ஒரு படுகொலையை மட்டும் நினைவூட்டியது. அதனால் அதன் மேல் விழுந்த கோபத்துக்கு ஒரு கூர்மை இருந்தது. மன்றோவை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை, கொண்டாடவும் முடியவில்லை. அப்படிப்பட்டவர்கள் சாலை நடுவில் தங்கிவிடுகிறார்கள், பஸ் வழி சொல்ல உதவிக்கொண்டு. அகற்ற வேண்டுமா என்று கேட்டால், அது நீங்களும் நானும் ஒரு வாக்கு வைத்திருக்கிற அரசியல் விஷயம். சிலை பராமரித்தவன் என்பதற்காக என் வாக்குக்கு எடை கூட இல்லை. தொழில்முறையில் ஒன்று சொல்வேன். அடிக்கிற வெயிலும், கடற்காற்றின் உப்பும், வண்டிப் புகையும் அந்த உலோகத்தைத் தினமும் கொஞ்சம் தின்கின்றன. வெண்கலத்தின் மேல் படியும் கறுப்பும் பச்சையும் கலந்த படலம் எல்லாமே கெடுதி இல்லை, ஒட்டி நிற்கும் பச்சை ஒரு தோல் மாதிரிக் காக்கும். வெளிர்பச்சையாக, தொட்டால் மாவாக உதிர்ந்தால்தான் நோய். கிட்டே போனால் ஆளைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

நேரில் போவதானால் காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். சாலைத் தீவில் நிற்பதால் போக்குவரத்தைப் பார்த்துக் கடக்கவும். சிலையைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் அப்படியே கோட்டைக்குள் நடந்துவிடுங்கள். மன்றோவை முதலில் ஆந்திராவின் குத்தி (Gooty) ஊரில் புதைத்து, 1831-ல் எடுத்துவந்து கோட்டையின் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் வைத்தார்கள். தரையில் ஒரு கல்தான், குதிரை கிடையாது. பக்கத்திலேயே அருங்காட்சியகம், கார்ன்வாலிஸ் அங்கே நிற்கிறார். அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், தலைமைச் செயலக வாசலில் போலீஸ் சோதனை உண்டு. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.